காற்று ஓய்ந்தால் குடிநீர் ஆலை என்ன செய்யும்?

ஸ்பெயினின் கேனரித் தீவுக்கூட்டத்தில் எல் ஹியெர்ரோ என்றொரு சிறு தீவு. சுமார் 11,000 பேர் வசிக்கிறார்கள். ஆறு கிடையாது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் உண்டு. அவற்றுக்கான மின்சாரம் நீண்ட காலம் கப்பலில் வந்த டீசலிலிருந்து கிடைத்தது. 2014-இல் ஐந்து காற்றாலைகள் சுழலத் தொடங்கின. மொத்தத் திறன் 11.5 மெகாவாட்.

ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். சிறு தீவுக்கும் கட்டுப்படியாகக்கூடிய அளவுதான். தலைவலி மின்சாரத்தைச் சீராக வைத்திருப்பதில்தான். பெரிய மின்தொகுப்பில் ஒரு பம்ப் நின்றால் யாருக்கும் தெரியாது. தீவில் அப்படியல்ல. காற்று சட்டென்று தணிந்தால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சரியும். நொடிகளில் சமாளிக்காவிட்டால் ஊரே இருளும்.

அப்போது குடிநீர் ஆலையை நிறுத்திவிட்டால் போயிற்று என்று தோன்றும். தண்ணீரைத் தொட்டியில் தேக்கலாம். அது பேட்டரியைவிட மலிவு. ஆனால் ஆலைக்குள் உப்பைப் பிரிக்கும் சவ்வு இப்படி நிறுத்தி ஓட்டுவதற்கு எளிதில் இணங்காது. 55 முதல் 70 பார் அழுத்தத்தில் வேலை செய்யும் அதற்குத் திடீர் ஏற்ற இறக்கம் ஆகாது. நிறுத்தும்போதெல்லாம் நல்ல தண்ணீர்விட்டு அலச வேண்டும். இல்லையேல் உப்பு படியும். பம்பின் வேகத்தைக் குறைத்தாலோ இன்னொரு வம்பு: நன்னீர் குறைவாக வரும், உப்பு ஏறக்குறைய முன்புபோலவே கசியும், குடிக்கிற தண்ணீர் கரிக்கத் தொடங்கும். அதனால் ஒரே பெரிய ஆலையைவிட, ஒவ்வொன்றாக நிறுத்தக்கூடிய சில சிறு ஆலைகளே மேல் என்பது என் எண்ணம்.

அப்படிச் செய்தாலும் நொடிக்கணக்கான ஆட்டத்தைத் தாங்க வேறு ஏதாவது வேண்டும். பல ஊர்களில் அது பேட்டரி. எல் ஹியெர்ரோவில் மலைமேல், எரிமலை வாயில் அமைத்த நீர்த்தேக்கம். உபரிக் காற்று மின்சாரத்தால் அங்கே தண்ணீரை ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுழற்றுகிறார்கள். சில வேளைகளில் ஏற்றுவதும் இறக்குவதும் ஒன்றாகவே நடக்கும். பார்க்க வெட்டிவேலைதான், ஆனால் அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்துவது அதுவே.

2019 கோடையில் தொடர்ந்து 24 நாட்கள் டீசல் இல்லாமல் தீவு இயங்கியது. ஆண்டு முழுக்க அது முடிவதில்லை. காற்று மந்தமான மாதங்களில் டீசல் ஜெனரேட்டர்தான் கைகொடுக்கிறது.