தீச்சுவருக்கு ஒரு விண்ணப்பம்



அலுவல் கடிதம் எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் சாலை விளக்கு எரியவில்லை, நூலகத்துக்குப் புத்தகம் வேண்டும் என்றுதான் எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் இன்று தினமும் எழுதப்படுகிற இன்னொரு வகை விண்ணப்பமும் இருக்கிறது. ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் அதை உருவாக்குகிறவருக்கு, ‘இந்த வசதியைச் சேர்த்துத் தாருங்கள்’ என்று எழுதுவது. இதை வசதிக் கோரிக்கை என்று சொல்லலாம். இங்கே திறமூலத் தீச்சுவர் மென்பொருளுக்கு எழுதப்படும் கோரிக்கைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏன் தீச்சுவர்? நானே அப்படி ஒன்றை எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதனால்தான்.

எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் ஒரு பழைய கணினியில் திறமூலத் தீச்சுவர் ஒன்றை நிறுவியிருந்தோம். தீச்சுவர் என்பது வெளியே உள்ள இணையத்துக்கும் உள்ளே உள்ள கணினிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. இணையத்தில் தகவல் எல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, எந்தச் சேவைக்குப் போகிறது என்று சொல்லும் போர்ட் எண் ஆகியவை இருக்கும். காவலாளியின் கையில் ஒரு விதிப் பட்டியல். அதைப் பார்த்து விடுவான், அல்லது தடுப்பான். திறமூலம் என்றால் அந்த மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம்.

சதுரங்கக் கழக மாணவர்கள் ஓய்வு வேளையில் இணையத்தில் சதுரங்கம் ஆடுவார்கள். 10.00 முதல் 10.20 வரை ஆடலாம், அதன்பின் வகுப்பு. ஆகவே 10.20க்குமேல் அந்தத் தளத்தைத் தடுக்கும்படி நேர விதி ஒன்று போட்டேன். விதி வேலை செய்தது, ஆனால் பாதிதான். 10.20க்குப் பிறகு புதிதாக ஆட உட்கார்ந்தவனுக்குத் தளம் திறக்கவில்லை. முன்னமே ஆட்டத்தைத் தொடங்கியவன் சாவகாசமாக ஆடிக்கொண்டே இருந்தான். இதை எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னதும் ஒரு மாணவன்தான். “சார், பத்து இருபதுக்கு முன்னாடி ஆரம்பிச்சிட்டா நிக்காது சார்.”

எனக்கு எரிச்சல். அன்று இரவே அந்த மென்பொருளை உருவாக்குகிறவர்களுக்கு எழுதினேன். நான் எழுதியதன் சாரம் இதுதான்: “உங்கள் நேர விதி சரியாக வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” மரியாதையில் குறை ஒன்றும் இல்லை. கடிதத்தில் சரக்குதான் இல்லை.

பதில் வந்தது, மூன்று கேள்விகளாக. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள்? விதிகள் எந்த வரிசையில் இருக்கின்றன? உண்மையில் உங்களுக்கு என்ன நடக்க வேண்டும்?

அந்த மூன்றாவது கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. பல திறமூலத் திட்டங்கள் தங்கள் நிரலையும் கோரிக்கைகளையும் கிட்ஹப் என்ற தளத்தில் வைத்திருக்கின்றன. வசதிக் கோரிக்கைக்கென்று அத்தளம் தரும் மாதிரிப் படிவத்தில் நான்கு பகுதிகள் உண்டு. முதலில், உங்கள் சிக்கல் என்ன? அடுத்து, நீங்கள் விரும்பும் தீர்வு என்ன? மூன்றாவது, வேறு எந்த வழிகளை எண்ணிப் பார்த்தீர்கள்? கடைசியில், கூடுதல் விவரம் ஏதும் உண்டா? தீர்வு இரண்டாவது இடத்தில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நம் மாணவர் கடிதங்களில் தீர்வுதான் முதல் வரி: ‘எங்கள் பகுதிக்கு வேகத்தடை வேண்டும்’. ஏன் வேண்டும் என்பது மூன்றாம் பத்தியில் மெல்லத் தலைகாட்டும். வேகத்தடையைவிட நல்ல வழி ஒன்று நகராண்மைக் கழகத்துக்குத் தெரிந்திருக்கலாம். கேட்பவர் தீர்வை மட்டும் சொன்னால், படிப்பவர் அதற்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும்.

என் கடிதத்தை இந்த முறையில் திருப்பி எழுதிப் பார்த்தேன். “ஓய்வு வேளை முடிந்ததும் ஒரு குறிப்பிட்ட தளம் எல்லாக் கணினிகளிலும் நின்றுவிட வேண்டும். 10.20க்குத் தடை விதி போட்டிருக்கிறேன். புதிய இணைப்புகள் தடுக்கப்படுகின்றன, 10.20க்கு முன் தொடங்கிய இணைப்புகள் மட்டும் தொடர்கின்றன. கணினியை மறுதொடக்கம் செய்தால் நிற்கிறது, ஆனால் 20 கணினிகளுக்கும் அப்படிச் செய்ய இயலவில்லை.” ‘தாழ்மையுடன்’ இல்லை, ‘உடனே’ இல்லை. படிக்கிறவருக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. மாணவர்கள் கவனிக்க: நடந்தது நடந்தபடி சொல்லும் வினைமுற்றுகள்தான் இந்தப் பத்தியைத் தாங்குகின்றன. ‘தடுக்கப்படுகின்றன’, ‘தொடர்கின்றன’, ‘நிற்கிறது’. ‘சரியில்லை’ என்ற ஒரே சொல்லில் இவ்வளவையும் அடைக்க முடியாது.

சரி, நன்றாக எழுதினால் கேட்டதெல்லாம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. தீச்சுவரில் கிடைக்கவும் கூடாது.

சொல் எழுதும் மென்பொருளில் புதிதாக ஒரு பொத்தானைச் சேர்த்து அது பிசகினால், எழுத்து கோணலாகும், அவ்வளவுதான். தீச்சுவரில் சேர்க்கும் ஒவ்வொரு வசதியும் சுவரில் வைக்கும் ஒரு கதவு. சிறிதாகத் தோன்றும் கோரிக்கைகூடச் சிறிதல்ல. ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘காணொளித் தளம் முழுவதும் வேண்டாம், அந்த ஒரு காணொளியை மட்டும் தடுக்க முடியாதா?’ இன்று பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் வருகின்றன, முகவரியின் தொடக்கத்தில் சில உலாவிகள் பூட்டுப் படம் போட்டுக் காட்டுமே, அது. இதில் காவலாளிக்குப் பொதுவாகத் தளத்தின் பெயர் தெரியும். அந்தத் தளத்துக்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது. அது உறைக்குள் இருக்கிறது. உறையைப் பிரிக்கவும் வழி இருக்கிறது: ஒவ்வொரு கணினியிலும் நம் தீச்சுவரையே நம்பும்படி ஒரு சான்றிதழைப் பதித்துவிட்டால், அது எல்லா உறைகளையும் திறந்து பார்த்து மீண்டும் ஒட்டி அனுப்பும். ஆனால் அப்போது ஆசிரியரின் வங்கிக் கடவுச்சொல்லும் அதன் கண்ணில் படும். ஒரு காணொளியைத் தடுக்கக் கேட்டவர் இதையா கேட்டார்?

பலர் நியாயமாகக் கேட்ட ஒரு வசதி எப்படித் தடுமாறியது என்பதற்கு உண்மையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைப் பாதுகாப்பாக எட்ட, இணையத்துக்குள்ளேயே ஒரு மறைவான சுரங்கப்பாதை அமைப்பார்கள். விபிஎன் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். இதற்கான பழைய மென்பொருள்கள் கனமானவை, அமைப்பதும் தலைவலி. ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் வயர்கார்ட் என்ற புதிய முறையை உருவாக்கினார். லினக்ஸுக்காக அவர் எழுதிய நிரல் சுமார் 4,000 வரிகள்தான். ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவு. 2020 மார்ச்சில் அது லினக்ஸின் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதிக்குள், சேர்ந்தது.

பிஎஃப்சென்ஸ் என்ற திறமூலத் தீச்சுவர் ஓடுவது லினக்ஸில் அல்ல, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில். அதன் பயனர்களும் வயர்கார்ட் வேண்டும் என்றார்கள். நியாயமான கோரிக்கைதான். பிஎஃப்சென்ஸை நடத்தும் நெட்கேட் நிறுவனம் பணம் கொடுத்து, ஃப்ரீபிஎஸ்டியின் கெர்னலுக்கு ஏற்றபடி அதை எழுத வைத்தது. 2021 பிப்ரவரியில் வந்த 2.5.0 பதிப்பில் வசதி சேர்ந்துவிட்டது. பயனர்களுக்குக் கொண்டாட்டம்.

அடுத்த மாதமே டோனன்ஃபெல்ட் அந்த நிரலைப் படித்துப் பார்த்துவிட்டு, அதில் கடுமையான குறைகள் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். வேறு சிலரோடு சேர்ந்து அவசர அவசரமாகத் திருத்தி எழுதவும் முயன்றார். நெட்கேட் தன் பக்க விளக்கத்தைச் சொன்னது. வார்த்தைகள் சூடாகப் பறந்தன. யார் எவ்வளவு சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. நடந்தது என்ன என்பதை மட்டும் பாருங்கள். வெளிவரக் காத்திருந்த ஃப்ரீபிஎஸ்டி 13.0இலிருந்து அந்த நிரல் நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் பிஎஃப்சென்ஸ் 2.5.1 பதிப்பிலிருந்தும் எடுக்கப்பட்டது. இடையில் அதை நம்பிச் சுரங்கம் அமைத்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பிறகு அதே ஆண்டில், விரும்புகிறவர்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் சோதனைநிலைத் துணைப்பொதியாக அது திரும்பி வந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் கெர்னலுக்குள் முறையாக இடம்பிடித்தது 2023இல் வந்த 13.2 பதிப்பில்தான்.

இதே காலத்தில் ஓபிஎன்சென்ஸ் என்ற இன்னொரு தீச்சுவரின் பயனர்களும் இதே வயர்கார்ட்டைத்தான் கேட்டிருந்தார்கள். அங்கே அது கெர்னலுக்கு வெளியே ஓடும் துணைநிரலாகத் தரப்பட்டிருந்தது. வேகம் குறைவு. ஆனால் வெளியே ஓடும் ஒன்று பழுதானால் பெரும்பாலும் அதோடு போகும். கருப்பகுதிக்குள் பழுதானால் மொத்த அமைப்பையும் இழுத்துக்கொண்டு போகலாம். கோரிக்கை ஒன்று, விடை இரண்டு. ‘மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, நம்பகமாக இருந்தால் போதும்’ என்று ஒரு பயனர் எழுதினால், அந்த ஒரு வரி உருவாக்குநருக்கு எவ்வளவு பெரிய உதவி என்று இப்போது புரியும். நாம் அதை எழுதுவதில்லை. ‘எப்போது வரும்? இன்னும் வரவில்லையே?’ என்றுதான் எழுதுகிறோம்.

மறுக்கப்பட்ட கோரிக்கைகள் என்ன ஆகும்? திறமூலத்தில் அவை சில சமயம் புதிய மென்பொருளாகவே பிறந்துவிடும். மானுவல் காஸ்பர் 2003இல் வெளியிட்ட மோனோவால் என்ற தீச்சுவர், சிறிய கருவிகளில் ஓடுவதையே குறிக்கோளாகக் கொண்டது. முழுக் கணினியின் வலுவைப் பயன்படுத்தி இன்னும் நிறையச் செய்ய விரும்பியவர்கள் 2004இல் அதன் நிரலை எடுத்துக்கொண்டு கிளை பிரிந்தார்கள், அதுதான் பிஎஃப்சென்ஸ். 2015 ஜனவரியில் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்த கிளைதான் ஓபிஎன்சென்ஸ். அடுத்த மாதம் காஸ்பர் மோனோவாலை முடித்துக்கொண்டபோது, தம் பயனர்களுக்கு அந்தப் பேரப்பிள்ளையைத்தான் கைகாட்டிவிட்டுப் போனார்.

‘சேர்க்காதீர்கள்’ என்ற கோரிக்கையும் உண்டு. குறியாக்க வேலையை விரைவுபடுத்தும் ஏஇஎஸ்-என்ஐ என்ற வசதி உள்ள செயலிகளில் மட்டுமே 2.5 பதிப்பு ஓடும் என்று 2017இல் பிஎஃப்சென்ஸ் அறிவித்தது. பழைய கணினிகளை வைத்திருந்தவர்கள் விடவில்லை. பின்னர் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. எங்களைப் போல், யாரோ தூக்கிப் போட்ட கணினியில் தீச்சுவர் ஓட்டுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட கோரிக்கைகள்தான் வாழ்வு.

இனி என் கதைக்கு வருகிறேன். திருத்தி எழுதிய கடிதத்துக்கு விளக்கமான பதில் வந்தது. காவலாளி ஒவ்வொரு பொட்டலத்துக்கும் விதிப் பட்டியலை முதலிலிருந்து புரட்டுவதில்லை. ஓர் இணைப்பின் முதல் பொட்டலத்தை விட்டவுடன் ‘இது அனுமதிக்கப்பட்டது’ என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். அதன்பின் அதே இணைப்பில் வருவனவற்றைக் குறிப்பேட்டைப் பார்த்தே விட்டுவிடுகிறான். 10.20க்கு என் தடை விதி விழித்துக்கொள்கிறது. ஆனால் பழைய இணைப்புகள் குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கின்றன. விதியில் பழுதே இல்லை.

விதியைத் தலைகீழாக எழுதச் சொன்னார்கள். ‘10.20க்கு மேல் தடு’ என்பதற்குப் பதிலாக ‘10.00 முதல் 10.20 வரை அனுமதி, மற்ற நேரம் எல்லாம் தடு’. அனுமதி விதியின் நேரம் முடிந்தால், அதன் பேரில் எழுதப்பட்ட குறிப்புகளையும் அந்த மென்பொருள் அழித்துவிடுமாம். நான் கேட்க நினைத்த புதிய வசதி தேவைப்படவே இல்லை. உதவிக் குறிப்பில் மட்டும் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. ஆகவே இரண்டாவது கோரிக்கை ஒன்று அனுப்பினேன்: அந்தப் பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் சேர்க்க வேண்டும், வாக்கியங்களையும் நானே எழுதி இணைத்திருந்தேன். இந்த முறை கேள்வி எதுவும் வரவில்லை. இரண்டு நாளில் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் 10.20க்கு எல்லாத் திரைகளிலும் காய்கள் அப்படியே நின்றன. “சார், இன்னும் ரெண்டே மூவ்ல ஜெயிச்சிருப்பேன் சார்!” என்று ஒருவன் எழுந்து நின்றான். 10.25 வரை நீட்டிக்க வேண்டும் என்றான். ஏன் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.