கடல் பிரித்த உடன்பிறப்பு மலர்கள்



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில், பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கின் மலர்ப் படங்கள் சில காட்டப்பெற்றன. மஞ்சள் நிற ஆர்க்கிட் மலரொன்றைக் கண்டதும் முன்வரிசையிலிருந்த மூதாட்டியார் ஒருவர், “இது எங்கள் பதுளைப் புல்மேட்டுப் பூவல்லவா!” என்று எழுந்துவிட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பின்னர்க் கடல் கடந்து வந்து, இன்று இடுக்கி மலையில் மகன் இல்லத்தில் வாழ்பவர் அவர். அதன் கிழங்கொன்று கிடைத்தால் தொட்டியில் நட்டு வளர்க்க வேண்டும் என்றும் எம்மிடம் ஆவலுடன் கேட்டார். எனவே அம்மலரைப் பற்றி யாம் நூல்களைத் தேடலானோம்.

அம்மையார் கண்டது அதே பூ அன்று. ஆனால் அதன் உடன்பிறப்பு. தாவர நூலார் ஒவ்வொரு செடிக்கும் இரு பெயர் வைப்பர். முதலாவது பேரினப் பெயர், குடும்பப் பெயர் போன்றது. இரண்டாவது அவ்வினத்துக்கே உரிய பெயர். இலங்கை மலருக்கு ‘இப்சியா ஸ்பீசியோசா’ என 1831இல் லிண்ட்லி என்னும் ஆங்கில அறிஞர் பெயரிட்டார். சிங்களத்தில் அது ‘நாகமரு அல’. நம் மலையாளக் கரை மலரையோ, ஜெர்மானிய அறிஞர் ரைக்கன்பாக் முதலில் பாக்கிஸ்டோமா என்னும் வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார். பார்சல் சீட்டில் ஊர்ப்பெயர் பிழைத்தால் மூட்டை வேற்றூர் சேருமன்றோ? 1890இல் ஹூக்கர் அப்பிழையைத் திருத்தி, ‘இப்சியா மலபாரிக்கா’ என இலங்கை உறவோடு சேர்த்து வைத்தார். மூன்றாவது உடன்பிறப்பு தாய்லாந்தில் உள்ளது. இக்குடும்பத்தில் உள்ளவை இம்மூன்றே.

கடலுக்கு இருபுறமும் உறவு எங்ஙனம் வந்தது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியில் கடல்மட்டம் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அந்நாளில் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். இரு நாட்டு மலைகளிலும் உறவுச் செடிகள் பல காணப்படுவதில் வியப்பில்லை.

நிற்க. நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதிருந்த நம் மலரை, கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மணிலால் முதலானோர் 1980களில் அமைதிப் பள்ளத்தாக்கில் மீண்டும் கண்டனர். குந்திப்புழையின் குறுக்கே அணை எழுந்து அக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்க இருந்தது. மக்கள் எதிர்ப்பால் 1983இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

ஆயினும் செடி பிழைத்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. ஆர்க்கிட் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென உணவு கொண்டிராதது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சை ஊட்டினாலன்றிக் காட்டில் அது முளைப்பதில்லை. ஆகவே ஒரு கிழங்கைப் பெயர்த்தால், அவ்விடத்தில் மற்றொன்று எளிதில் தோன்றாது. பெயர்த்த கிழங்கும் நம் தொட்டியில் தழைப்பது அரிது. பூங்காவிலிருந்து செடி எடுப்பது சட்டத்திற்கும் புறம்பானது. மலையோரம் வாழும் நம் குடும்பத்தார் எவரேனும் ஆர்க்கிட் கிழங்கு விற்க வந்தால் வாங்காதிருக்க வேண்டுகிறோம். வாங்குவோர் இல்லையேல் தோண்டுவோரும் இரார்.

இதனை அம்மையாரிடம் சொல்ல எமக்குத் தயக்கமாகவே இருந்தது. அனைத்தையும் கேட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தவர், “இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தம்பி. பெயர்த்து நட்டால் வேர்பிடிக்க எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாதா?” என்றார்.