திரையில் அயல்மொழி: ஒலிப்பும் சரளமும்

ஆங் லீ இயக்கத்தில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ என்னும் சீனத் திரைப்படம், மறு ஆண்டு ஆஸ்கார் விழாவில் சிறந்த அயல்மொழிப் படத்துக்குரிய விருது உட்பட நான்கு விருதுகளைப் பெற்றது. திரையடியில் ஓடிய மொழிபெயர்ப்பு வரிகளைப் படித்து அப்படத்தைக் கண்ட மேலைநாட்டார், உரையாடலில் எக்குறையும் காணவில்லை. மாண்டரின் மொழியறிந்த பார்வையாளர் பலரோ நடிகர்களின் உச்சரிப்பைக் குறைகூறினர். ஒரே படம் இருவகைச் செவிகளுக்கு இருவேறு படங்களாகிவிட்டது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது என ஆராய்ந்தால், மொழி கற்பிப்போருக்கும் கற்போருக்கும் பயன்தரும் உண்மைகள் சில புலப்படும்.

அப்படத்தின் முதன்மை நடிகர் நால்வரும் வெவ்வேறு மொழிச்சூழலிலிருந்து வந்தவர்கள். ஜாங் ஸியி பெய்ஜிங்கைச் சேர்ந்தவர். சாங் சென் தைவானியர். சாவ் யுன் ஃபாட் ஹாங்காங்கின் கண்டோனீஸ் மொழியில் வளர்ந்தவர். மிச்செல் இயோ நம் வட்டாரத்தவர். ஈப்போவில் பிறந்து, ஆங்கிலமும் மலாயும் பேசி வளர்ந்தவர். மாண்டரின் அறியாத அவர், தம் வசனங்களை ஒலிகளாகவே மனப்பாடம் செய்து பேசினார். முதல் நாள் படப்பிடிப்பில் மொழிக்காக மட்டுமே 28 முறை மீண்டும் மீண்டும் நடிக்க நேர்ந்ததாகச் சாவ் யுன் ஃபாட் பின்னர்க் கூறினார். தமிழ்த் திரையுலகில் மொழியறியாத நடிகையருக்குப் பின்னணிக் குரல் கலைஞர் குரல் கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஆங் லீ அவ்வழியை நாடாமல், நடிகர்தம் குரலையே ஏற்றார்.

இவ்விடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று ஒலிப்புச் சாயல்; மற்றொன்று சரளம். ஒரு மொழியின் ஒலிகளையும் அழுத்தத்தையும் இசையோட்டத்தையும் நாம் எழுப்பும் முறையே ஒலிப்புச் சாயல். எண்ணத்தைத் தங்குதடையின்றிச் சொல்லாக்கும் ஆற்றலே சரளம். இவ்விரண்டும் ஒன்றென்றே பலர் எண்ணுகின்றனர். மொழியறியாத நடிகர் ஒருவர் தூய ஒலிப்புடன் பத்து வரிகளைப் பேசிவிடலாம். பதினோராம் வரியை அவரால் ஆக்க இயலாது. மாறாக, ஓர் அயல்மொழியில் நாற்பதாண்டு வாழ்ந்து, அதில் கனவும் காண்பவரிடம் தாய்மொழியின் சாயல் நீங்காமல் இருக்கலாம்.

அச்சாயல் நீங்காமைக்குக் காரணம் நாவின் சோம்பல் அன்று. அதன் வேர் செவியில் உள்ளது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. இந்தி மொழியின் டகர, தகர ஒலிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் இல்லங்களில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் உணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே உணர்ந்தனர். தன்னைச் சூழ்ந்த மொழிக்குத் தேவையான வேறுபாடுகளைக் கூர்மையாக்கிக்கொள்ளும் செவி, தேவையற்றவற்றைப் பொருட்படுத்தாது விடப் பழகிவிடுகிறது. கேளாத வேறுபாட்டை நா எங்ஙனம் காட்டும்?

மாண்டரினில் நான்கு என்னும் சொல் ஸகரத்திலும், பத்து என்னும் சொல் நா வளைத்து ஒலிக்கும் ஷகரத்திலும் தொடங்கும். தென்சீன வட்டாரமொழிகள் பலவற்றில் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே அம்மொழியினர் மாண்டரின் பேசுகையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாய் ஒலிக்கும். தொனி ஒன்றே அவற்றைப் பிரித்துக் காட்டும். நம் மாணவர் பலருக்கு லகர, ளகர, ழகரங்கள் ஒன்றாய் ஒலிப்பதும் இத்தகையதே.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒலிகள் பிறப்பதற்குத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களைக் குறிப்பிடுகிறது. இன்றைய திரையுலகின் ஒலிப்புப் பயிற்றுநர் நடிகருக்குக் கற்பிப்பதும் இதனையே: நா எங்குத் தொடுகிறது, இதழ் எவ்வாறு குவிகிறது, மூச்சு எவ்வளவு வெளிப்படுகிறது என்பன. தாய்மொழியாளரின் குரற்பதிவைக் கேட்கச் செய்தும், 1888இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட அனைத்துலக ஒலிப்பு நெடுங்கணக்கில் வசனங்களை எழுதிக்காட்டியும் பயிற்றுவிப்பர். ஒரு வரி பிழைத்தால் மீண்டும் படமாக்கலாம். பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் திருத்தலாம். இவ்வளவு உதவியிருந்தும், மனப்பாட வசனத்தை மொழியறிந்தார் எளிதில் கண்டுகொள்வர். தனி ஒலிகள் சரியாக இருக்கும். நிறுத்தம் தவறான இடத்தில் விழும். சொற்களெல்லாம் ஒரே எடையுடன் வரும். மற்றவர் பேசி முடித்த பின்னரே விடை பிறக்கும். இடைமறித்தலோ சொல்லைத் தேடுதலோ இராது. பொருளறிந்து பேசுவோர்க்கே தடுமாற்றமும் இயல்பாக வரும்.

இதனை நன்குணர்ந்து நடித்தவர் மெரில் ஸ்ட்ரீப். 1982இல் வெளிவந்த ‘சோஃபிஸ் சாய்ஸ்’ படத்தில் போலந்துப் பெண்ணாக நடிப்பதற்காக அவர் போலிஷ், ஜெர்மன் ஆகிய மொழிகளைப் பயின்றார். தம் தாய்மொழியான ஆங்கிலத்தையே, அதனை அயல்மொழியாகக் கற்ற ஒருத்தி பேசுவதுபோலத் தயங்கியும் பிழைத்தும் பேசினார். பிறமொழியாளரின் பிழைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அந்நடிப்பு காட்டிற்று. அதற்காக அவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார்.

ஒலிப்பையே கதையின் திருப்பமாக்கிய படம் குவென்டின் டாரண்டினோ 2009இல் இயக்கிய ‘இங்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்’. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரான்சில் நிகழும் இக்கதையில், ஆஸ்திரிய நடிகர் கிறிஸ்டோஃப் வால்ட்ஸ் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலியம் ஆகிய நான்கு மொழிகளில் பேசுகிறார். அக்கதைமாந்தனுக்கு மொழிப்புலமையே பிறரைச் சிக்கவைக்கும் கருவி. பிறிதொரு காட்சியில், ஜெர்மன் அதிகாரியாக வேடமிட்ட ஆங்கிலேயன் ஒருவன் மதுக்கூடத்தில் அமர்ந்திருக்கிறான். அவனுடைய ஜெர்மன் சரளமானது. சாயல் மட்டும் ஐயத்தை எழுப்புகிறது. மலைப்பகுதி ஊரொன்றைத் தன் பிறப்பிடமாகக் கூறி ஒருவாறு தப்புகிறான். பின்னர் மூன்று கிண்ணம் மது கேட்டு மூன்று விரல்களை உயர்த்துகிறான். ஜெர்மானியர் எண்ணும்போது கட்டைவிரலில் தொடங்குவர். அவனோ சுட்டுவிரலில் தொடங்கினான். வேடம் கலைகிறது. மொழி என்பது நாவோடு முடிவதன்று. கையும் கண்ணும் பழக்கவழக்கமும் அதனுள் அடக்கம்.

இவற்றிலிருந்து நம் வகுப்பறைக்கு வருவோம். தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசாத மாணவர் நம்மிடையே பலர். வாய்மொழித் தேர்வின்போது ஒரு மாணவியின் ழகரம் பிழைக்கிறது, வகுப்பு சிரிக்கிறது, மறுநாள் முதல் அவள் வாய் திறப்பதில்லை. அன்று அவள் இழந்தது ஓரெழுத்தையன்று, மொழியையே. திரைநடிகருக்கு 28 வாய்ப்புகள் உண்டு. நம் மாணவருக்கு எத்தனை அளிக்கிறோம்?

மரே மன்றோ, டிரேசி டெர்விங் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு, இங்கு நமக்கு வழிகாட்டும். மாண்டரினைத் தாய்மொழியாகக் கொண்டோர் பேசிய ஆங்கிலத்தை ஆங்கிலேய மொழியினர் செவிமடுத்தனர். அயற்சாயல் மிகுதி என மதிப்பிட்ட பேச்சையும் அவர்கள் பல இடங்களில் பிழையின்றி எழுதிக்காட்டினர். சாயல் வேறு, விளக்கம் வேறு என்பது இதனால் பெறப்படும்.

இதன் பொருள் ஒலிப்பைக் கற்பிக்க வேண்டா என்பதன்று. பள்ளி பல்லியாகவும், அழகு அலகாகவும், கொள் கொல்லாகவும் மாறுமிடத்தில் பொருள் கெடுகிறது. அங்குத் திருத்தம் இன்றியமையாதது. முதலில் வேறுபாட்டைக் கேட்டுணரப் பயிற்ற வேண்டும். அடுத்து, நா தொடும் இடத்தைக் காட்ட வேண்டும். அதன்பின் பேசச் செய்ய வேண்டும். பொருள் கெடாத இடத்துச் சாயலை, மாணவர் வளர்ந்த சூழலின் அடையாளமாகக் கருதிப் பொறுத்தருளலாம்.

நடிகருக்கு வசனம் முடிந்ததும் அயல்மொழியோடுள்ள உறவும் முடிந்துவிடலாம். நம் மாணவரோ வகுப்பு முடிந்த பின்னும் தமிழில் பேச வேண்டியவர்கள். மனப்பாடமான பத்து வரிகளைக் காட்டிலும், தடுமாறியேனும் அவர்கள் தாமே ஆக்கும் பதினோராம் வரியே நாம் கேட்க விழைய வேண்டியது.