உபாலியின் காரும் எங்கள் கொக்கோவும்

கண்டொஸ் சொக்லட்டை விற்ற அதே முதலாளி காரும் விற்றார் என்று சொன்னால், மாத்தளைப் பக்கம் உக்குவளையில் என் கராஜுக்கு வரும் பொடியன்கள் நம்புவதில்லை. "சும்மா கத விடாதீங்க அண்ணே!" என்பார்கள்.

கதையில்லை. உபாலி விஜேவர்தன 1938இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, லீவர் பிரதர்ஸில் வேலை பார்த்து, டெல்டா டொபியில் தொழில் தொடங்கினார். 1970களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. புதுக் கார் இல்லை. பழைய மொரிஸ் மைனருக்கும் ஒஸ்டினுக்கும் வெல்டிங் பிடித்தே சனம் ஓட்டியது. அந்தக் காலத்தில்தான் உபாலி மஸ்டாவும் உபாலி பியட்டும் தெருவில் இறங்கின.

இரண்டும் இங்கே பூட்டிய கார்கள். எஞ்சின் முதலான பெரிய சாமான்கள் வெளிநாட்டிலிருந்து தனித்தனியாக வரும். பூட்டி முடிக்கும் வேலை மட்டும் நம் ஆட்களுடையது.

பூட்டுவது ஒன்றும் கேவலமில்லை. அமெரிக்காவின் ஹென்றி போர்டே 1903இல் எஞ்சினை டொட்ஜ் சகோதரர்களிடம் வாங்கித்தான் காரைத் தொடங்கினார். குதிரை வண்டித் தொழிலிலிருந்து வந்த டோர்ட் என்பவரும் பிளின்ட் நகரில் லைகோமிங் எஞ்சினை வாங்கிப் பூட்டினார். போர்ட் மெல்ல மெல்லச் சாமான்களைத் தானே செய்யப் பழகினார். 1908இல் 850 டொலருக்கு வந்த அவருடைய மொடல் டி, 1920களில் 300 டொலருக்கும் கீழே இறங்கியது. வாங்கிப் பூட்டியவர்களால் அந்த விலைக்கு இறங்க முடியவில்லை. 1915இல் தொடங்கிய டோர்ட் கார் 1924இல் நின்றது.

இங்கே 1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. உபாலியின் கார்கள் நிலைக்கவில்லை. அந்தத் திறந்த பொருளாதாரத்துக்கு முதலீடு திரட்டிய கொழும்புப் பெரும்பாகப் பொருளாதார ஆணைக்குழுவின் முதல் தலைவரும் உபாலிதான்! 1983 பெப்ரவரி 13ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய லியர்ஜெட் விமானம் மலாக்கா நீரிணைக்கு மேலே காணாமல் போனது.

"அவர் இருந்திருந்தால் கார் நிலைத்திருக்கும்" என்பார்கள் பெரியவர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் போன பிறகும் கண்டொஸ் விற்கிறதே! சொக்லட்டுக்கு வேண்டிய கொக்கோ மாத்தளை மண்ணில் காய்க்கிறது. என் வீட்டுக்குப் பின்னாலும் நாலு மரம் நிற்கிறது. காருக்கு வேண்டிய எஞ்சின் கப்பலில் வர வேண்டியிருந்தது.

இன்றும் இலங்கையில் கார் பூட்டுகிறார்கள். நல்லதுதான், பொடியன்களுக்கு வேலை. ஆனால், "நம் நாட்டுக் கார்" என்று ஒன்று கராஜுக்கு வந்தால் நான் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. பொனட்டைத் தூக்கி, எஞ்சின் எந்த ஊரில் வார்த்தது என்றுதான் பார்ப்பேன்.