காரின் உள்விளக்கு: போட்டது யார்? அணைத்தது யார்?

பல வருஷங்களுக்கு முன் ஒரு துர்கா பூஜை. அஷ்டமி இரவு பந்தல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜாதவ்பூர் வீட்டு வாசலில் எங்கள் அம்பாசடரை நிறுத்தினோம். குழந்தையின் செருப்பைத் தேட உள்விளக்கைப் போட்டவன் நான். அணைக்க மறந்தவனும் நான்தான். மறுநாள் காலை மாமியாரை ஹவுராவில் ரயில் ஏற்ற வேண்டும். சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாடாப் பையன்கள் நாலு பேர் 8பி பஸ் ஸ்டாண்டு வரை தள்ளித்தான் எஞ்சின் உயிர் பெற்றது. "இத்தனூண்டு பல்பு இவ்வளவு பெரிய வண்டியைப் படுக்க வெச்சுடுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார் மாமியார்.

படுக்க வைக்கும். கணக்கு எளிது. 10 வாட் பல்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 0.8 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டு மணி நேரத்தில் 10 ஆம்பியர்-மணி போய்விடும். 40 ஆம்பியர்-மணி கொண்ட புது பேட்டரி அதைத் தாங்கிக்கொள்ளும். வயதான பேட்டரியில் மீதம் இருப்பதே அரைகுறை. ஸ்டார்ட்டர் மோட்டாரோ சில விநாடிகளுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதற்கு அது எங்கே போகும்?

இன்றைய கார்களில் இந்தச் சங்கடம் அபூர்வம். விளக்கு தானாக எரிகிறது, தானாக மங்கி அணைகிறது. இதன் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பேட்டரியை மட்டுமல்ல, வண்டியையே காப்பாற்றலாம்.

அந்தக் கால ஏற்பாடு

உத்தரபாடாவில் 2014 வரை தயாரான அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் எல்லாம் வெளிப்படை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒரு வயர் பல்புக்கு வரும். திரும்பும் பாதை வண்டியின் இரும்பு உடம்பேதான். இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்பார்கள். கதவுக்கு சுவிட்ச் வைத்த கார்களில், சுவிட்ச் பெரும்பாலும் பல்புக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்கும். கதவு சாத்தியிருந்தால் ஸ்பிரிங் பொத்தான் அமுங்கி இணைப்பு அறுபடும். திறந்தால் இணைப்பு சேரும்.

இந்த அமைப்பில் ஒரு நன்மை உண்டு. கதவுப் பக்க வயர் தேய்ந்து இரும்பில் பட்டால் விபத்தில்லை, விளக்கு அணையாமல் எரியும், அவ்வளவே. நம்மூர் மழைக்காலத்து ஈரத்தில் அந்தப் பொத்தான் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டாலும் இதே கதிதான். ஆனால் பேட்டரிப் பக்க வயர் இரும்பில் பட்டால் மின்சாரம் பல்பு வழியாகப் போகாமல் நேராகப் பாயும். அப்போதுதான் ஃபியூஸுக்கு வேலை.

ஃபியூஸ் யாரைக் காக்கிறது?

பல்பைக் காக்க ஃபியூஸ் இருக்கிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் அது காப்பது வயரை. கார் பேட்டரி சிறியதுதான், ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டும். மெல்லிய வயர் பழுத்துப்போகும். அந்த வயர் ஓடுவதோ கூரைத் துணிக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே. ஆக, வயர் தாங்கும் அளவுக்குள் உருகிப் போகும்படி ஃபியூஸ் தேர்ந்தெடுக்கப்படுகிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 30 ஆம்பியர் ஃபியூஸைச் சொருகுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும், காவல்காரனைத் துரத்திவிட்டு வயரையே ஃபியூஸ் ஆக்குவதுதான்.

இந்தக் காலக் கட்டுப்பாட்டுப் பெட்டி

இன்றைய கார்களில் கதவு சுவிட்ச் நேரடியாக விளக்கை எரிப்பதில்லை. கதவு திறந்த செய்தியை மட்டும் 'பாடி கன்ட்ரோல் மாட்யூல்' என்னும் சிறு கணினிக்குச் சொல்கிறது. 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற செய்தித் தொடர்பு முறை வழியாக எஞ்சின், பூட்டு முதலியவற்றின் நிலவரமும் அதற்கு வந்து சேரும். எல்லாவற்றையும் பார்த்து மாட்யூல் முடிவு செய்கிறது. பூட்டைத் திறந்தால் எரிய விடு, எஞ்சின் ஓடத் தொடங்கினால் மங்க விடு, கதவு திறந்தே கிடந்தால் சிறிது நேரம் பொறுத்து அணைத்துவிடு. கடைசியாகச் சொன்னதுதான் பேட்டரி காப்பு. பல வண்டிகளில் பத்து முதல் முப்பது நிமிடம் வரை அவகாசம் இருக்கும்.

சினிமா தியேட்டரில் போல விளக்கு மெல்ல மங்குகிறதே, எப்படி? மின்னழுத்தத்தைக் குறைத்து அல்ல. விநாடிக்கு நூறு, இருநூறு முறை விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறார்கள். எரியும் நேரம் குறையக் குறைய வெளிச்சமும் குறையும். இந்த வேகத்தில் நம் கண்ணுக்குத் துடிப்பு தெரியாது.

இதைச் செய்வது 'மாஸ்ஃபெட்' என்ற குறைகடத்தி சுவிட்ச். கலீனா படிகத்தால் மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். குறைகடத்தியை வைத்துக் கருவி செய்த முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

சாகாத காவல்காரன்

ஃபியூஸ் தான் இறந்து வயரைக் காக்கிறது. இந்தப் புது சுவிட்ச் உயிரோடிருந்தே காக்கிறது. தன் வழியே போகும் மின்னோட்டத்தை அதுவே அளக்கிறது, எல்லை மீறினால் சட்டென்று மூடிக்கொள்கிறது. குளிர்ந்த இழை பல்பு, எரியும் முதல் கணத்தில் வழக்கத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு மின்சாரம் இழுக்கும். அதை ஷார்ட் என்று தவறாக எண்ணாமல் சில மில்லி விநாடி பொறுக்கவும் அதற்குத் தெரியும். சில்லின் வெப்பம் சுமார் 150 முதல் 175 டிகிரி செல்சியஸ் வரை ஏறினால் நின்றுவிட்டு, ஆறிய பின் மறுபடி முயலும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனை கழன்றால் ஆல்டர்னேட்டர் பல பத்து வோல்ட்டுக்கு எகிறும். அந்த அடியைத் தாங்கிக்கொள்ளத் தனி டையோடுகள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் பின்னால் பழைய ஃபியூஸும் இருக்கவே இருக்கிறது.

எல்.இ.டி. விளக்கு பல்பின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கே செலவழிக்கும். அப்படியானால் நேரக் காப்பு எதற்கு என்று கேட்கலாம். கதவு திறந்திருக்கும் வரை வண்டியின் கணினிகள் தூங்கப் போவதில்லை. இன்று பேட்டரியை அதிகம் தின்பது விளக்கல்ல, விழித்திருக்கும் அந்தக் கணினிகள்.

நாம் செய்யக் கூடாதவை

பூஜை சமயத்தில் கலர் கலராக எல்.இ.டி. பட்டை ஒட்டிக்கொள்ளும் ஆசை இளைஞர்களுக்கு வரும். உள்விளக்கின் வயரைக் கத்தியால் சீவி அதில் முறுக்கிவிடாதீர்கள். மாட்யூல் கணக்கிட்ட சுமை அதுவல்ல. ஃபியூஸுக்கு முன்னால், பேட்டரியிலிருந்து நேராக எடுப்பது அதைவிட மோசம், அங்கே காவலே கிடையாது. தனி ஃபியூஸோடு தனி இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். பல்பைக் கழற்றி எல்.இ.டி. போட்டபின் அது அணைந்தும் மங்கலாக மினுங்கினால் பயப்பட வேண்டாம். மாட்யூல் பல்பைச் சோதிக்க அனுப்பும் துளி மின்சாரமே அதை எரிக்கப் போதும். தெருவில் தேங்கிய மழைத்தண்ணீர் காருக்குள் புகுந்திருந்தால் மட்டும், சாவியைத் திருகாமல் மிஸ்திரியைக் கூப்பிடுங்கள். பல வண்டிகளில் இந்தப் பெட்டி ஓட்டுநரின் கால் பக்கம்தான் இருக்கிறது.

மறதிக்கு இப்போது மருந்து வந்துவிட்டது. ஆனால் ஃபியூஸை மாற்றிச் சொருகும் கையைத் தடுக்க எந்த மாட்யூலாலும் முடியாது. அது நம் பொறுப்பு.