555 புத்தகத்தில் என் பெயர்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கு வருகிறவர்கள் பூக்கடை, புடவைக் கடை, பலகாரக் கடை எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தபோது 'லிட்டல் இந்தியா'வாகத் திறப்பு விழா கண்ட இடம் அது. அங்கிருந்து சந்துக்குள் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தால், ஒரு பழைய அடுக்குமாடியின் கீழே நான் சாமான் வாங்கும் மளிகைக் கடை இருக்கிறது.

கடையின் பெயர்ப் பலகையில் பாதி எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. உள்ளே இரண்டு விளக்குகளில் ஒன்றுதான் எரியும். ஐஸ் பெட்டியின் கதவு மூடாது. அதன்மேல் ஒரு அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்திருப்பார்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் தரையிலேயே கிடக்கும். முதல்முறை நுழைந்தபோது, "இங்கேயா வாங்குவது?" என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரத்தில் நான் அக்கடையின் வாடிக்கையாளர்.

காரணம் எளிமையானது. கிள்ளானிலிருந்து படிக்க வந்த நான், மூன்று தோழிகளுடன் வாடகை வீட்டில் தங்கியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு வாரம் 50 வெள்ளிதான். பக்கத்தில் கேஎல் சென்ட்ரலை ஒட்டிப் பெரிய பேரங்காடி இருக்கிறது. ஆனால் அங்கே போய், "ஒரு வெள்ளிக்கு இஞ்சியும் பச்சை மிளகாயும் கொடுங்கள்" என்று கேட்க முடியுமா? மூன்று முட்டை மட்டும் கேட்க முடியுமா? இந்தக் கடையில் முடியும். இன்னொன்றும் முடியும்: கடன்.

சட்டைப்பை அளவே உள்ள 555 புத்தகத்தை நம் பெற்றோர் நன்றாக அறிவார்கள். 'பூக்கு தீகா லீமா' என்று மலாய்க்காரர்களும் சொல்வார்கள். தோட்டத்தில் வளர்ந்த என் அம்மா, சம்பள நாள்வரை அரிசியும் பருப்பும் அந்தப் புத்தகத்தில் எழுதித்தான் வீட்டுக்கு வந்தன என்பார். கல்விக் கடனுதவிப் பணம் கைக்கு வராத ஒரு மாதக் கடைசியில், கல்லாவில் நின்று சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைக்கார அங்கிள் நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லம்மா, எழுதிக்கிறேன்," என்றார். 555 புத்தகத்தில் என் பெயர் ஏறியது.

கைப்பேசியில் இப்போது வருகிற 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டங்களில் தவணை தவறினால் தாமதக் கட்டணம் வரலாம். அங்கிளின் புத்தகத்தில் வட்டி இல்லை, கட்டணம் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதை ஒரு வெள்ளிக்கிழமை மாலை தெரிந்துகொண்டேன்.

அன்று ஓட்ஸ் பாக்கெட் ஒன்றை எடுத்தேன். அடியில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பின்னால் இருந்த பாக்கெட்டையும் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். அங்கிளிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். கல்லாவுக்கு மேலே ஆணியில் 555 புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. என் பெயருக்கு நேரே 38 வெள்ளி 40 காசு பாக்கி. பாக்கெட்டைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டு, எண்ணெய் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் தோழி ஒருத்தி, "படம் பிடித்து டிக்டாக்கில் போடு, அப்போதுதான் திருந்துவார்கள்," என்றாள். இன்னொருத்தி, "நமக்கு ஏன் வம்பு? வேறு கடைக்குப் போ," என்றாள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. படம் போட்டால், கடனுக்கு அரிசி கொடுக்கும் ஒரே கடை ஒரே நாளில் மூடிவிடலாம். போகாமல் இருந்தால், அந்தப் பாக்கெட்டை வேறு யாராவது வாங்குவார்கள்.

வேறு யார் என்பதை நான்கு நாள் கழித்துப் பார்த்தேன். இடுப்பில் குழந்தையுடன் ஓர் அக்கா கல்லாவில் நின்றிருந்தார். அதே தட்டிலிருந்து எடுத்த, குழந்தைகளுக்கான தானிய உணவு அவர் கையில் இருந்தது. அங்கிள் 555 புத்தகத்தைத் திறந்தார்.

"அக்கா, அதைக் கொஞ்சம் கொடுங்க," என்று வாங்கித் தேதியைப் பார்த்தேன். முடிந்து மூன்று வாரம். "அங்கிள், இது தேதி போயிடுச்சு. அந்தத் தட்டுல இன்னும் சிலது இருக்கு," என்றேன். குரல் நடுங்கியது.

அங்கிள் பாக்கெட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்தார், தள்ளி வைத்தார். அந்தப் பொடி எழுத்து அவருக்குத் தெரியவே இல்லை. அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்ன வார்த்தைதான் என்னை உலுக்கியது. "நான் பார்த்தேன்ம்மா. பாக்கி இருக்கே, எப்படிச் சொல்றதுன்னு…"

அவரும் நானும் ஒரே காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம். கடன் வாங்கியவர்கள் கேள்வி கேட்கக்கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறகு இதைப் பற்றிப் படித்தேன். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், ரொக்கம் கொடுத்து வாங்கியவருக்கும் கடனுக்கு வாங்கியவருக்கும் பொதுவானது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் புகார் பதியலாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. உணவுப் பொட்டலங்களில் இருக்க வேண்டிய விவரங்களை 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் சொல்கின்றன. உணவின் தரம் குறித்துச் சுகாதார அமைச்சிடமும், விலை குறித்து உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சிடமும் புகார் செய்யலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் படி, கடைக்காரரிடம் நேரில் சொல்வது. அதற்குக் கட்டணமே இல்லை.

நான் இப்போது செய்யும் ஐந்து காரியங்கள்

மலிவு விலைக் கடையில் வாங்கும் மாணவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

1. தேதியை முதலில் பார்க்கிறேன். 'தாரிக் லுப்புட்' என்றால் காலாவதித் தேதி. அதற்குப் பிறகு சாப்பிடக்கூடாது. 'பாயிக் செபெலும்' என்றால் அந்தத் தேதிவரை தரம் நன்றாக இருக்கும் என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல.

2. விலையை அல்ல, எடைக்கான விலையைக் கணக்கிடுகிறேன். உதாரணத்துக்கு, 200 கிராம் பாக்கெட் 3 வெள்ளி, 500 கிராம் பாக்கெட் 6 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 100 கிராம் 1 வெள்ளி 50 காசு. இரண்டாவதில் 1 வெள்ளி 20 காசு. சிறிய பாக்கெட் மலிவுபோலத் தெரிந்தாலும் நாம் அதிகம் கொடுக்கிறோம். நாங்கள் நால்வரும் பெரிய பாக்கெட்டைச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம்.

3. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள்களின் விலையைத் தெரிந்து வைத்திருக்கிறேன். அரசு உதவித்தொகை பெற்ற 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி.

4. மொத்தத் தொகையைச் சரிபார்க்கிறேன். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை மட்டுமே 5 காசுக்கு ஏற்பச் சரிசெய்யப்படுகிறது. 12 வெள்ளி 42 காசு என்றால் 12 வெள்ளி 40 காசு; 12 வெள்ளி 43 காசு என்றால் 12 வெள்ளி 45 காசு. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஏற்றக்கூடாது.

5. கடன் எழுதினால் என் கைப்பேசியிலும் எழுதிக்கொள்கிறேன். 20 வெள்ளியைத் தாண்டவிடுவதில்லை. வாய் திறந்து பேசத் துணிவு தரும் அளவு அதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சிறிய கடை சின்ன விஷயமல்ல

பழைய மளிகைக் கடைகள் எதற்கு, எல்லாரும் நவீன மினி மார்க்கெட்டுக்கே போகலாமே என்று சிலர் கேட்கலாம். எங்கள் கிள்ளானில் 1987-இல் லீ தியாம் வா தொடங்கியதும் ஒரு சாதாரண மளிகைக் கடைதான். இளம்பிள்ளைவாதத்தால் சிறுவயதிலேயே கால்கள் பாதிக்கப்பட்டவர் அவர். அந்தத் தொழில்தான் 99 ஸ்பீட்மார்ட்டாக வளர்ந்து, 2024 செப்டம்பர் 9-இல் மலேசியப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அங்கே தட்டில் விலை தெளிவாக ஒட்டியிருக்கும், ரசீது வரும். ஆனால் ஆணியில் தொங்கும் 555 புத்தகம் இருக்காது. மாதக் கடைசியில் அந்தப் புத்தகத்தை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதனால்தான் அந்தக் கடையைக் கைவிடுவதைவிடச் சரிசெய்வது நல்லது என்று நினைக்கிறேன்.

அன்று அங்கிள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்காவின் பக்கத்தில் எழுதியதை அடித்துவிட்டு, தானிய உணவைக் கல்லாவுக்குக் கீழே வைத்தார். அடுத்த வாரம் நான் போனபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தட்டு காலியாகி, துடைக்கப்பட்டிருந்தது.

பணம் வந்த அன்று 38 வெள்ளி 40 காசையும் கட்டினேன். அங்கிள் என் பெயரின்மேல் கோடு போட்டார். பிறகு மேசையடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தார். புதிதாக வந்த பிஸ்கட், ஓட்ஸ், மாவு.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா. தேதியைப் படி, நான் பெருசா எழுதி ஒட்டிக்கிறேன்," என்றார்.

அன்று மாலை ஒரு மணி நேரம் படித்துச் சொன்னேன். உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒரு கடை இருக்கும். அடுத்த முறை போகும்போது தேதியைப் பாருங்கள். தவறு இருந்தால், கைப்பேசியைத் தூக்குவதற்கு முன் கடைக்காரரிடம் சொல்லுங்கள். புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்தாலும் சொல்லுங்கள்.