ஆறிய எஞ்சினில் பாருங்கள்

பழைய யமாஹா ஆர்எக்ஸ் 100 வாங்கப் போகிறவர் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய ஒரு வார்த்தை உண்டு: "நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்." போனதும் சைலன்ஸரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், பேச்சை முடித்துக்கொண்டு மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம். சூடான எஞ்சின் கார்புரேட்டரின் பாதி நோயை மறைத்துவிடும். டேங்க்கின் பளபளப்பு, புதுக் குரோம், சீட் கவர் எல்லாம் ஒரு வாரத்தில் வாங்கிவிடக்கூடியவை. வண்டி எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்வது கார்புரேட்டர்தான். விலையையும் அதைப் பார்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர்ச் சாலைகளுக்கு ஜப்பானிய வண்டிகள் எண்பதுகளில் வந்தன. 1983-இல் ஃபரீதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமாஹாவின் ஆர்டி 350-ஐ ராஜ்தூத் என்ற பெயரில் விற்றது. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டா சிடி 100, யமாஹா ஆர்எக்ஸ் 100. பிறகு கவாஸகி பஜாஜ். அதுவரை ஸ்கூட்டரும் புல்லட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஏறத்தாழ நூறு கிலோ எடையில் பதினோரு குதிரைத்திறன் தந்த 98 சி.சி. ஆர்எக்ஸ் ஒரு அதிசயம். 1996-இல் அதன் தயாரிப்பு நின்றது. அன்று இருபதாயிரம் ரூபாய் வாக்கில் ஷோரூமை விட்டு இறங்கிய வண்டி, இன்று நல்ல நிலையில் இருந்தால் லட்சத்தைத் தாண்டுகிறது. ஆர்டி 350 இன்னும் பல மடங்கு. அவற்றுக்கு இணையாக உழைத்த இண்ட்-சுசுகிக்கும் கவாஸகிக்கும் அந்த மவுசு இல்லை. வெறும் ஓட்டும் சுகத்துக்காக வாங்குகிறவருக்கு அது ஒரு வகையில் நல்ல செய்தி.

இனி கார்புரேட்டர். பெட்ரோலை அப்படியே எரித்து எஞ்சினை ஓட்ட முடியாது. அதைப் பொடிப்பொடியாகச் சிதறடித்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கில் கலந்து அனுப்ப வேண்டும். முன்பு வீடுகளில் கொசுவுக்கு அடித்த ஃப்ளிட் பம்ப் நினைவிருக்கிறதா? காற்று வேகமாக ஒரு குழாயின் வாயைக் கடக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலேறிச் சிதறுகிறது. கார்புரேட்டரில் நடப்பதும் அதுதான். பிஸ்டன் இழுக்கும் காற்று நடுவில் குறுகிய ஒரு பாதை வழியே விரைகிறது. கீழே ஃப்ளோட் கிண்ணத்தில் ஒரே மட்டத்தில் நிற்கும் பெட்ரோல், ஜெட் எனப்படும் பித்தளைத் துளைகள் வழியே மேலேறிக் காற்றோடு கலக்கிறது.

ஆர்எக்ஸில் இருப்பது மிக்குனி வி.எம். வகை. இதில் அழகு என்னவென்றால், ஆக்சிலரேட்டரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு பாகம் பொறுப்பு. கைப்பிடியைத் திருப்பாமல் வண்டி ஸ்லோவில் நிற்கும்போதும், லேசாகத் திருப்பும்போதும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் வேலை செய்கின்றன. இன்னும் கொஞ்சம் திருப்பினால், காற்றுப் பாதையில் மேலேறும் ஸ்லைடின் அடியில் வெட்டப்பட்டுள்ள சரிவு. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தால் வண்டியே நோயைச் சொல்லிவிடும். சிக்னலில் அணைந்து போகிறதா, பைலட்டைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் முழு ரேஸில் மட்டும் திணறுகிறதா, மெயின் ஜெட், அல்லது கிண்ணத்துக்குப் பெட்ரோல் போதிய வேகத்தில் வரவில்லை. நடுவில் மிஸ்ஸிங் வந்தால் ஊசியின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடும்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் மிஸ்ஸிங் நின்றால், பெட்ரோல் போதவில்லை என்று முடிவு செய்யலாம்.

மிக்குனி ஜப்பானியப் பெயர்தான் என்றாலும், தென்சென்னைக்காரருக்கு அது அந்நியமில்லை. மிக்குனியோடு கூட்டு வைத்த யூகால் நிறுவனத்தின் ஆலை தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலை நகரில் இருக்கிறது. 1985-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த கார்புரேட்டர்கள் நாடு முழுக்க ஓடியிருக்கின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. கார்புரேட்டரைக் கையால் ட்யூன் செய்யத் தெரிந்த மெக்கானிக்குகளின் தலைமுறையும் வயதாகிக்கொண்டே போகிறது. அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரிடம் ஒரு பையனாவது தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அடைத்துப்போன பைலட் ஜெட்தான் பழைய வண்டிகளின் முதல் தொல்லை. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகப் படிந்து அந்தத் துளையை மூடிவிடுகிறது. இதைக் கம்பி விட்டுக் குத்துவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை கொஞ்சம் பெரிதானாலும் கணக்கு தப்பிவிடும். கிளீனர் அடித்து, காற்று ஊதினால் போதும். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடிப் பிறகு ஒன்று முதல் இரண்டு சுற்றுக்குள் திறந்தால் வண்டி சீராக நிற்க வேண்டும். அந்த எல்லைக்குள் அடங்காவிட்டால் உள்ளே அடைப்பு இருக்கிறது.

அடைப்பை நீக்கிவிடலாம். தேய்மானத்தை நீக்க முடியாது. முப்பது ஆண்டுகள் மேலும் கீழும் ஓடிய ஸ்லைட், கார்புரேட்டரின் உடலைத் தேய்த்து இடைவெளி உண்டாக்கியிருக்கும். ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டிய வண்டியென்றால் தூசி அந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்திருக்கும். ஃபில்டர் பக்க ரப்பரைக் கழற்றி, விரலால் ஸ்லைடை ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் எந்த மெக்கானிக்காலும் அதற்கு நிலையான ஸ்லோ ஸ்பீடு வைக்க முடியாது. விலையில் அதைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

ஆர்எக்ஸ் போன்ற டூ-ஸ்ட்ரோக்கில் இவ்வளவு கவலை ஏன்? பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் எரியும் சூடு ஏறுகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. ஓடும் வண்டி திடீரென்று சீஸ் ஆவது இப்படித்தான். கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருந்தாலும், கிராங்க்கின் ஆயில் சீல் போயிருந்தாலும் திருட்டுக் காற்று உள்ளே புகும். ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் ரேஸ் இறங்காமல் நிற்பது அதன் அடையாளம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளுத்திருக்கும். நல்ல கலவை என்றால் பழுப்பு நிறம் தெரியும். நீலகிரியில் பல ஆண்டுகள் ஓடிய வண்டியை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் சிறிய மெயின் ஜெட் போட்டிருப்பார்கள். அதே ஜெட்டோடு கடல் மட்டத்தில் முழு ரேஸில் ஓட்டினால் பிஸ்டன் தாங்காது.

தாம்பரம் சுற்றிய எங்கள் புறநகருக்கென்று தனியாகச் சில தொல்லைகள் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை பக்கமெல்லாம் வண்டிகள் நீருக்குள் நின்றன. 2023 மிக்ஜாம் புயலிலும் அதே பகுதிகள். மூழ்கிய வண்டியின் கார்புரேட்டரை உடனே பிரித்துக் கழுவாவிட்டால், துத்தநாகக் கலவையாலான அதன் உடலில் வெள்ளைப் பொடி பூத்து, உள்பாதைகளை அரிக்கும். கிண்ணத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பூப்பும் அடியில் வண்டலும் தெரிந்தால் வெள்ளத்தைப் பற்றி நேராகவே கேட்டுவிடலாம்.

இப்போது எத்தனால் கலந்த இ20 பெட்ரோலும் சேர்ந்துகொண்டது. 2023-இல் சில பங்க்குகளில் தொடங்கி 2025-இல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் ஒரு பங்குக்கு 9 பங்கு காற்று போதும். இருபது சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5. அதாவது பழைய ஜெட்டைக் கொண்டே ஓட்டினால் கலவையில் காற்று மிகுந்துவிடும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் வளையங்களையும், கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரும் வழியை மூடும் ஊசி வால்வின் முனையையும் கெடுக்கும். அந்த வால்வு கெட்டால் ஓவர்ஃப்ளோ. பிளக்கின் நிறத்தைப் பார்த்து மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டுவதும், எத்தனாலைத் தாங்கும் ரப்பர்களை மாற்றுவதும், ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் கிண்ணத்தை வடித்துவிடுவதும் கட்டாயம்.

ஆர்டி 350 வாங்குவோருக்கு இவை எல்லாம் இரட்டிப்பு. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் எழ வேண்டும். ஒன்று பிந்தினால் ஒரு பிஸ்டன் உழைக்க, மற்றது சும்மா இழுபடும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியாகிக் கிடந்தால், எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் உதிரிபாக விலைக்கு மேல் தராதீர்கள். விளம்பரத்தில் 'விண்டேஜ்' என்று எழுதியிருப்பதற்காக ஒரு ரூபாயும் கூட்ட வேண்டாம். 2021-இல் வந்த மத்திய விதிப்படி ஐம்பது வயது நிறைந்தால்தான் வண்டி விண்டேஜ் ஆகும். முதல் ஆர்எக்ஸுக்கே அந்த வயது 2035-இல்தான். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா என்று நீங்களே கண்ணால் படித்துப் பாருங்கள். ஆர்எக்ஸ் 135 எஞ்சின் ஏறிய ஆர்எக்ஸ் 100-க்கு முழு விலை கொடுத்தவர்கள் நிறைய.

மற்றபடி விலையைத் தீர்மானிப்பது, வண்டியில் எவ்வளவு பழையது பழையதாகவே இருக்கிறது என்பது. ஆக்சிலரேட்டர் கேபிளோடு இணைந்து ஆயிலை அளந்து கொடுக்கும் பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுவோர் பலர். பம்ப் வேலை செய்யும் வண்டி கிடைத்தால் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். கார்புரேட்டரும் அப்படியே. வேறு வண்டியின் கார்புரேட்டரையோ பெயரில்லாத போலியையோ மாட்டிவிட்டு, ஃபேக்டரியில் வந்ததைப் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் புதுப்பேட்டையிலும் அதையே தேடி இன்னொருவர் அலைகிறார். தேய்ந்துபோனாலும் அசல் கார்புரேட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். துடைத்து, எண்ணெய் தடவி, பொட்டலம் கட்டி வையுங்கள்; வண்டியை விற்கும் அன்று ஆர்.சி. புக்கோடு சேர்த்துக் கொடுங்கள்.